குழல் மேகசினுக்குள் எந்த முனை போகலாம்

லீவர்-ஆக்‌ஷன் ரைபிளை, அதாவது கைப்பிடியருகே உள்ள லீவரை அசைத்துத் தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியை, புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை குறிபார்க்கும் பகுதி, பின்கட்டையின் நீளம், எண்ணெய் பூசும் முறை ஆகியவற்றைப் பற்றியே இருக்கின்றன. எந்த வடிவக் குண்டை அதன் குழல் மேகசினுக்குள், அதாவது பேரலுக்குக் கீழே தோட்டாக்களை வரிசையாக வைத்திருக்கும் குழலுக்குள், போடலாம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அவர்கள் கேட்காமல் விட்டாலும் நான் முதலில் அதைத்தான் சொல்லுகிறேன். மற்றவற்றில் தவறினால் குறி தப்பும். இதில் தவறினால் ரைபிளைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்குச் சேதம் வரும்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம். இந்தப் பதிவில் உறை, வெடிமருந்து, பிரைமர், குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்றும், சுட்டவுடன் பேரலிலிருந்து வெளியேறிப் பறக்கும் உலோகத்தை மட்டும் குண்டு என்றும் எழுதுகிறேன். இந்த வேறுபாடு மனத்தில் இல்லாவிட்டால் பின்வரும் எதுவும் விளங்காது.

பெட்டி மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை மற்றொன்றின் அடியைத் தொடுவதே இல்லை. பேரலுக்குக் கீழே நீண்டு செல்லும் குழல் மேகசினில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. பின்னால் இருக்கும் தோட்டாவின் குண்டு முனை, அதற்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பகுதியில் சாய்ந்திருக்கிறது. அந்த அடிப்பகுதியின் நடுவில்தான் பிரைமர் இருக்கிறது. ஓர் ஊசியின் அடி பட்டால் தீப்பற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. அந்த இடத்தில் கூரான, கடினமான முனை ஒன்று சாய்ந்திருந்தால், நாம் குழலுக்குள் ஒவ்வொரு தோட்டாவுக்குப் பின்னாலும் ஓர் ஊசியை நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பொருள்.

அந்த ஊசியை அடிப்பது எது என்றால், பின்னுதைதான். சுடும்போது ரைபிள் பின்னோக்கிப் பாய்கிறது. குழலுக்குள் இருக்கும் தோட்டாக்களோ தம் எடையினால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. ரைபிளோடு ஒப்பிட்டால் அவை முன்னோக்கி நகர்ந்து ஸ்பிரிங்கை அமுக்குகின்றன. ரைபிளின் ஓட்டம் தோளில் அடங்கியதும் ஸ்பிரிங் அவற்றை மீண்டும் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்த அசைவுகளில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பின்னுதை எவ்வளவு கடுமையோ, குண்டு எவ்வளவு கனமோ, வரிசை எவ்வளவு நீளமோ, அந்த மோதலும் அவ்வளவு வலுவாகிறது. ஆகவே .45-70 போன்ற கனத்த தோட்டாக்களை நிறைத்துச் சுடுபவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

குழலுக்குள் ஒரு தோட்டா வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சுடும்போது தோட்டா அமர்ந்திருக்கும் பேரலின் அறைக்குள் வெடிக்கும் தோட்டாவைச் சுற்றித் தடித்த எஃகு இருக்கிறது. உறை அதில் சாய்ந்துகொண்டு அழுத்தத்தைத் தாங்குகிறது. மேகசின் குழலோ மெல்லிய தகடு. அங்கே உறை கிழிகிறது, குழல் பிளக்கிறது, உலோகத் துண்டுகளும் சூடான வாயுவும் பக்கவாட்டில் வெளியேறுகின்றன. அருகிலுள்ள தோட்டாவும் சேர்ந்து வெடிக்கக்கூடும். துப்பாக்கியைத் தாங்கும் கை இருப்பது அந்த முன்கட்டையின்மேல்தான். இது அடிக்கடி நடப்பதில்லை என்பது உண்மை. ஆனால் குண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம் என்பதால், அரிது என்ற காரணத்தைக் காட்டி இதை ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை.

இந்தச் சிக்கல் ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் விதிகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை குறையும். 1860-ஆம் ஆண்டின் ஹென்றி ரைபிள் .44 ஹென்றி என்னும் விளிம்பு-வெடித் தோட்டாவைச் சுட்டது. அவ்வகைத் தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. எனவே குண்டின் முனை அடிப்பகுதியின் நடுவில் சாய்ந்திருந்தாலும் அது தொடுவது வெறும் செம்பை மட்டுமே. 1873-இல் வின்செஸ்டர் நிறுவனம் .44-40 என்னும் நடுவெடித் தோட்டாவுக்கு மாறியபோது பிரைமர் நடுவுக்கு வந்தது. அந்தத் தோட்டாவின் 200 கிரெய்ன் (சுமார் 13 கிராம்) ஈயக் குண்டு தட்டை முனையோடு வந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் 1894 மாடல் வின்செஸ்டருக்காக வந்த .30-30 உட்பட, இந்தக் குடும்பத்தின் தோட்டாக்கள் எல்லாம் மழுங்கிய முனையையே கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். அக்கால ரசனைக்கு அதில் பங்கு இல்லை.

கூர்முனைக் குண்டுகள் காற்றை எளிதாகக் கிழித்துச் செல்கின்றன என்பது தெரிந்தபின், குழல் மேகசினை வைத்துக்கொண்டு அந்த நன்மையை எப்படிப் பெறுவது என்று பலர் முயன்றிருக்கிறார்கள். அம்முயற்சிகளே இந்த ஆபத்து எவ்வளவு உண்மையானது என்பதற்குச் சிறந்த சான்று. பிரான்சின் 1886 மாடல் லெபெல் ரைபிள் லீவர் வகை அல்ல, தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்து இயக்கும் வகை; ஆனால் அதன் மேகசின் பேரலுக்குக் கீழே உள்ள குழல்தான். முதலில் தட்டை முனைக் குண்டோடு வந்த அதற்கு, 1898-இல் கூரான குண்டைக் கொண்டுவந்தார்கள். அதன் தோட்டா உறையின் அடியில் பிரைமரைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வைத்து, பின்னால் வரும் கூர்முனை அந்தப் பள்ளத்தில் தங்கும்படி அமைத்தார்கள். உறை வெகுவாகச் சரிந்து ஒடுங்குவதால் தோட்டா சற்றுச் சாய்ந்து கிடக்கும். முனை நடுவை விட்டு விலகியே நிற்கும். ரெமிங்டன் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த மாடல் 14 என்னும் பம்ப் ரைபிளில் (முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்து இயக்குவது) குழலையே சுருள் வடிவப் பள்ளங்களோடு செய்து, ஒவ்வொரு தோட்டாவின் முனையும் முன்னதன் பிரைமரை விட்டு விலகிக் கிடக்குமாறு செய்தார்கள். ஓர் அரசின் படைக்கலச் சாலையும் ஒரு பெரிய துப்பாக்கி நிறுவனமும் இத்தனை சிரமம் எடுத்துக்கொண்டன என்றால், சாதாரணக் குழலில் கூர்முனையைப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவரின் அனுபவத்தை நான் எவ்வளவு தூரம் நம்பலாம்?

வேறு சிலர் குழலையே விட்டுவிட்டார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 மாடல் வின்செஸ்டர் லீவர் ரைபிளுக்குப் பெட்டி மேகசின் இருந்தது. சாவேஜ் 1899 மாடலுக்குச் சுழல் மேகசின் இருந்தது. அதனால்தான் 1915-இல் அதற்கு .250-3000 என்னும் வேகமான தோட்டாவைக் கூர்முனைக் குண்டோடு கொண்டுவர முடிந்தது. பிற்காலத்தின் பிரவுனிங் பி.எல்.ஆர். ரைபிளும் கழற்றக்கூடிய பெட்டி மேகசின் கொண்டது. ஆகவே லீவர் இருக்கிறது என்பதால் கூர்முனை கூடாது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. மேகசினின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வடிவங்களுக்கு வருகிறேன். நான் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: முன்னால் இருக்கும் பிரைமரைத் தொடப்போவது எது, எவ்வளவு அகலமானது, எவ்வளவு கடினமானது? பெரிய அளவுப் பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், அதாவது சுமார் 5.3 மில்லிமீட்டர், சிறிய அளவுப் பிரைமரின் விட்டம் 0.175 அங்குலம், சுமார் 4.4 மில்லிமீட்டர். குண்டின் நுனித் தட்டை இதைவிட அகலமாக இருந்தால், மோதலின் அடி பிரைமரைச் சுற்றியுள்ள உறையின் அடிப்பகுதியில் பரவிவிடும். பிரைமருக்குள் குத்தி இறங்க எதுவும் இல்லை. .44 மேக்னம், .45 கோல்ட், .45-70 ஆகியவற்றுக்கு வார்க்கப்படும் அகன்ற தட்டை முனைக் குண்டுகள் பலவும் இந்த நிபந்தனையைத் தாராளமாக நிறைவு செய்கின்றன. என்னைக் கேட்டால் குழல் மேகசினுக்கு இவற்றைவிட நிம்மதியான வடிவம் வேறில்லை.

.30-30 போன்ற ஒடுங்கிய அளவுகளில் நிலைமை கொஞ்சம் நுட்பமானது. அங்கே குண்டின் முழு விட்டமே .308 அங்குலம், முனை நோக்கி ஒடுங்கிவரும்போது நுனித் தட்டை பிரைமரைவிடச் சிறியதாகவே அமைவதுண்டு. அப்படியானால் பாதுகாப்பைத் தருவது எது? தட்டையாக இருப்பதால் அழுத்தம் ஒரு புள்ளியில் குவிவதில்லை. நுனியில் வெளிப்பட்டிருக்கும் ஈயம் மென்மையானது என்பதால் மோதும்போது பிரைமரின் உலோகத்தைவிட முன்னதாகத் தானே நசுங்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் 150, 170 கிரெய்ன் தட்டை முனைத் தோட்டாக்களை நீண்ட காலமாக நம்பத்தக்கவையாக வைத்திருக்கின்றன. முழுவதும் செம்பால் ஆன குண்டுகளில் இந்த மென்மை இல்லை. எனவே அவற்றை வாங்குபவர்கள் தட்டை முனையோடு குழல் மேகசினுக்கென்றே செய்யப்பட்டவற்றைத்தான் வாங்க வேண்டும்.

உருண்டை முனையில்தான் மக்கள் அதிகமாக முரண்படுகிறார்கள். மென்ஈய நுனியும் அகன்ற வளைவும் கொண்ட உருண்டை முனைக் குண்டுகள் .30-30, .35 ரெமிங்டன் ஆகிய அளவுகளில் ஆலைத் தோட்டாக்களாக நெடுங்காலம் விற்கப்பட்டு, குழல் மேகசின்களில் பயன்பட்டு வந்திருக்கின்றன. அவற்றை ஆபத்தானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உருண்டை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. கெட்டியான கலவையில் வார்த்து, முனை குறுகி, கிட்டத்தட்ட கூம்பாகவே முடியும் குண்டும் உருண்டை என்றே அழைக்கப்படுகிறது. நுனிவரை கெட்டிச் செம்புப் போர்வை மூடிய குண்டும் அப்படியே அழைக்கப்படுகிறது. இவ்விரண்டிலும் தொடும் இடம் சிறியது, கடினமானது, சரியாகப் பிரைமரின் நடுவில் அமர்வது. இவற்றை நான் குழலுக்குள் போடுவதில்லை, பிறருக்கும் பரிந்துரைப்பதில்லை. உருண்டை முனையைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றால், லீவர் ரைபிளுக்கு உரியது என்று தயாரிப்பாளரே சொல்லும் மென்முனைத் தோட்டாவோடு நின்றுவிடுவது நல்லது.

கூர்முனையைப் பற்றி விவாதமே தேவையில்லை. செம்புப் போர்வை போர்த்திய கூர்முனை, நுனியில் சிறிது ஈயம் தெரியும் கூர்முனை, கெட்டிப் பிளாஸ்டிக் நுனி செருகிய கூர்முனை ஆகிய மூன்றும் நடுவெடித் தோட்டாவில் சாதாரணக் குழல் மேகசினுக்கு ஆகாதவை. பிளாஸ்டிக் என்றவுடன் மென்மையானது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வேட்டைக் குண்டுகளில் பொதுவாக வரும் அந்த நுனி கெட்டியானது; பின்னுதையில் நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

இங்கேதான் 2000-களின் நடுப்பகுதியில் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த லீவரெவல்யூஷன் தோட்டாக்களைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. அவற்றின் எஃப்.டி.எக்ஸ். குண்டுக்குக் கூரான நுனிதான். ஆனால் அந்த நுனி ரப்பர் போல வளைந்து அமுங்கி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும் பொருளால் ஆனது. குழலுக்குள் மோதும்போது நுனி அமுங்கிவிடுவதால் பிரைமரில் அடி குவிவதில்லை. பலன் காகிதத்தில் தெளிவாகத் தெரிகிறது: 170 கிரெய்ன் மழுங்குமுனை .30-30 குண்டு விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் கிளம்பி 200 கஜத்தில் சுமார் 1,600 அடியாகக் குறைகிறது. 160 கிரெய்ன் எஃப்.டி.எக்ஸ். சுமார் 2,400 அடியில் கிளம்பி அதே தூரத்தில் சுமார் 1,900 அடியை வைத்திருக்கிறது. இது சிறிய வேறுபாடு அல்ல. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெளித் தோற்றத்தில் கெட்டி நுனிக் குண்டும் இதுவும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் நிறத்தையோ நுனியையோ பார்த்து முடிவு செய்யக்கூடாது. மேலும் நீண்டு ஒடுங்கும் இந்த முனைக்கு இடம் கொடுப்பதற்காக .45-70 போன்ற சில அளவுகளில் உறையையே சற்றுக் குறைந்த நீளத்தில் செய்கிறார்கள். கையால் தோட்டா நிரப்புபவர்கள் வழக்கமான நீளத்தில் உள்ள உறையில் இந்தக் குண்டைப் பொருத்தினால் மொத்த நீளம் மீறிவிடும். என்னைப் பொறுத்தவரை, 150 கஜத்துக்குள் சுடுபவருக்குப் பழைய தட்டை முனையே போதும்.

பிஸ்டல் அளவுகளில், அதாவது .357 மேக்னம், .44 மேக்னம் போன்றவற்றில், பாதுகாப்போடு இன்னொரு கவலையும் சேர்கிறது. பின்னுதை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்றாலும், தேர்வு முறை மாறுவதில்லை. செமி-வாட்கட்டர் வடிவத்தின் தட்டை நுனி பிரைமருக்கு நல்லது. ஆனால் நுனிக்குக் கீழே படிபோல் நிற்கும் அதன் கூர்மையான தோள் சில ரைபிள்களில் அறைக்குள் நுழையும் வழியில் தட்டி நிற்கிறது. வெட்டிய கூம்பு வடிவமோ, நுனி தட்டையான உருண்டை வடிவமோ இரு கவலைகளையும் ஒருசேரத் தீர்க்கின்றன.

விளிம்பு-வெடித் தோட்டாக்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. .17 எச்.எம்.ஆர். தோட்டாவின் கூரிய பிளாஸ்டிக் நுனியைக் குழல் மேகசினில் பார்த்துத் திகைப்பவர்கள் ஹென்றியின் பழைய .44-ஐ நினைவில் கொள்ளட்டும். நடுவில் பிரைமர் இல்லை.

குண்டின் வடிவம் சரியாக இருந்தும் மற்றவை தவறினால் பயன் இல்லை என்பதால், கையால் தோட்டா நிரப்புபவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக்கூடாது. மேலெழுந்து நிற்கும் பிரைமர், எவ்வளவு அகன்ற தட்டை முனை வந்து மோதினாலும் முழு அடியையும் தானே வாங்கிக்கொள்ளும். அடுத்ததாக, உறையின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் அழுத்தத்திலும் பின்னுதையிலும் குண்டு உறைக்குள் அமிழ்ந்தால் அறையின் அழுத்தம் உயரும். தோட்டாவின் நீளம் குறைவதால், லீவரை அசைக்கும்போது தோட்டாவை அறைக்கு ஏற்றித் தரும் தூக்கியும் தடுமாறும். அந்தப் பள்ளமே இல்லாத குண்டு குழல் மேகசினை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அல்ல என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஒரு சோதனையை நான் விடாமல் செய்கிறேன். புதிய வகைத் தோட்டாவைப் பயன்படுத்தும்போது சில முறை சுட்டபின், குழலில் எஞ்சியிருப்பவற்றை வெளியே எடுத்து, பின்னுதைகளைத் தாங்கிய அவற்றின் பிரைமர்களை வெளிச்சத்தில் பார்க்கிறேன். பள்ளமோ தெளிவான அடையாளமோ தெரிந்தால் அந்த வகையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அடையாளம் இல்லை என்பது மட்டும் கூர்முனைக்கு நற்சான்று ஆகாது. ஒரு பிரைமர் தாங்கிய அடியை அடுத்த பிரைமர் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மோதல் பின்னுதையால் மட்டும் வருவதில்லை. 1860 ஹென்றியின் வடிவத்தில் இன்று செய்யப்படும் ரைபிள்களில் தோட்டாக்களைக் குழலின் முன்வாயிலிருந்து நிரப்ப வேண்டும். ஆனால் இவை நடுவெடித் தோட்டாக்களைச் சுடுபவை. குழலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு தோட்டாவை மேலிருந்து நழுவவிட்டால் அதன் எடை முழுவதும் கீழே உள்ளதன்மேல் விழும். ஸ்பிரிங்கின் முனையில் நின்று தோட்டாக்களைத் தள்ளும் ஸ்பிரிங் துண்டு, இழுத்து வைத்த நிலையில் கைதவறி விடுபட்டால் முழு வரிசையையும் ஓங்கி அடிக்கும். ரைபிளைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாக மெல்லச் சரியவிட்டு, ஸ்பிரிங் துண்டைக் கையால் இறக்கிவிடுவதே முறை. இந்த ரைபிள்களில் உருண்டை முனையைக்கூட நான் ஏற்பதில்லை.

வேட்டைக்காரர்களிடையே ஒரு தந்திரம் உண்டு. அறைக்குள் ஒரு கூர்முனைத் தோட்டாவையும் குழலில் ஒன்றே ஒன்றையும் வைத்துக்கொள்வார்கள். குழலில் முன்னால் வேறு தோட்டா இல்லை என்பதால் அந்த முனை ஸ்பிரிங் துண்டை மட்டுமே தொடுகிறது. இயந்திர முறைப்படி இது சரிதான். ஆனால் பாதுகாப்பு முழுவதும் எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பதைச் சார்ந்திருக்கிறது. பதற்றத்தில் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகும் கை எதையும் எண்ணுவதில்லை. கூர்முனை தேவைப்படுபவர் பெட்டி மேகசின் உள்ள ரைபிளை வாங்குவதே நேர்வழி.

கடைசியாக, தோட்டாவின் பெயர் ரைபிளுக்குப் பொருந்துகிறது என்பதால் குண்டும் பொருந்திவிடாது. .45-70 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதே தோட்டாவை ஒற்றைச் சுடு ரைபிள்களில் தொலைதூரக் குறிக்குப் பயன்படுத்துபவர்கள் நீண்ட, ஒடுங்கிய முனைக் குண்டுகளைப் பொருத்துகிறார்கள். அவர்களுடைய ரைபிளில் மேகசினே இல்லை என்பதால் அது முற்றிலும் சரி. அந்தத் தோட்டாக்கள் கைமாறி ஒரு மார்லின் 1895 லீவர் ரைபிளின் குழலுக்குள் சென்றால் கதை வேறு. .30-30-க்கும் ஒற்றைச் சுடு ரைபிள்கள் உண்டு. அவற்றுக்காகக் கூர்முனையோடு நிரப்பியவர்களும் உண்டு. ஆகவே பிறர் நிரப்பிய தோட்டாக்களையும், பெட்டி மாறிக் கலந்து கிடக்கும் பழைய தோட்டாக்களையும் நான் குழலுக்குள் போடுவதில்லை. ஆலைப் பெட்டியாக இருந்தாலும் முதல் முறை திறக்கும்போது ஒவ்வொரு தோட்டாவின் முனையையும் அடியையும் பார்த்துவிட்டே செருகுகிறேன். நிரப்பி முடித்தபின் குழலுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க வழி இல்லை.